ஏற்காட்டுக் காட்டெருமைகளும் பதினான்கு பூட்டும்

ஏற்காடு காட்டெருமைகள் என்றொரு கால்பந்து அணி. மைதானம் கிடையாது, ஜெர்சி கிடையாது, உதைக்க ஒரு பந்து கூடக் கிடையாது. அணியின் 22 பேரும் எக்ஸெல் தாளில் 22 வரிகள். பெயர், வயது, தாக்குதல் எண், தற்காப்பு எண், அவ்வளவுதான். ஆனால் அந்த அணி முதல் சீசனில் 11 ஆட்டங்களுக்கு ஒரு வெற்றி கூட இல்லாமல் கிடந்தபோது, சேலம் அஸ்தம்பட்டி டீக்கடையில் எனக்குக் கிடைத்த கேலி மட்டும் கற்பனை இல்லை. அணியின் மேனேஜர் நான்தான். நானும் என் மச்சானும்.

"உனக்கு டீம் நடத்தத் தெரியலடா" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். கொஞ்ச நாள் நானும் அதை நம்பினேன். அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் லீக்கில் புதிதாக நுழைகிற அணி எந்த இடத்தில் முடிக்கும் என்பதில் மேனேஜருக்குப் பங்கு கொஞ்சம்தான். பழைய அணிகள் ஆளுக்கு எத்தனை பேரைப் புது அணி எடுக்க முடியாதபடி பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்கிற விதி எண்தான் பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. எங்கள் லீக்கில் அந்த எண் 14. அமெரிக்க லீக்குகளிலும் நம்முடைய ஐபிஎல்லிலும் இதே கதை கோடிக்கணக்கான பணத்தோடு நடந்திருக்கிறது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் எருமைகளின் நிலைமை புரியும்.

லீக் பிறந்தபோது நான் அதில் இல்லை. சொல்லக் கேட்டதுதான். 2020 மார்ச் 14, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இந்தியக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் இறுதி ஆட்டம். பார்வையாளர்கள் இல்லாத காலி மைதானத்தில் சென்னையின் எஃப்சி 3-1 என்று கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் தோற்றது. அடுத்த சில நாட்களில் ஊரே அடைந்தது, விளையாட்டும் நின்றது. எதையாவது ஆடியே தீர வேண்டும் என்று எட்டு நண்பர்கள் சேர்ந்து எட்டு அணிகளை உண்டாக்கினார்கள். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி, கோரிமேடு, ஓமலூர், ஆத்தூர். யார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தின் பெயர்.

கோல்களை முடிவு செய்தது ஒருவரின் பாட்டி வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டை. அது கேட்பதற்குத்தான் வேடிக்கை, கணக்கில் குறையே இல்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ 16-ல் 2 வாய்ப்பு, மூன்று விழ 4, இரண்டு கட்டையும் பூஜ்யமாகிப் பன்னிரண்டு விழ ஒன்றே ஒன்று. எந்த விழுகைக்கு எத்தனை கோல் என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டால் ஒரு கால்பந்து ஆட்டம் தயார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஊரடங்கில் ஒரே இடத்தில் கூட முடியாததால் கட்டையை வீடியோ காலில் உருட்டினார்கள். "உருட்டினியா, வெச்சியா?" என்ற சண்டை மூன்றாவது வாரமே வந்துவிட்டது. அதோடு பாட்டியின் கட்டை அலமாரிக்குத் திரும்பியது, எக்ஸெல் வந்தது.

இந்த மாதிரிக் கிறுக்கு சேலத்துக்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். ஹால் ரிச்மன் என்கிற அமெரிக்கர் சிறு வயதில் பகடையை வைத்துத் தானே ஆடிப் பார்த்த பேஸ்பால் விளையாட்டை 1961-ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1962-ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியோடு நியூயார்க் போயிருந்தபோது ஓட்டலில் உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஃபேன்டஸி ஃபுட்பாலுக்கு விதி எழுதினார். அங்கேயும் தொடக்கம் எட்டு அணிகள்தான். அவர்கள் ஃபுட்பால் என்பது கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். நம் கால்பந்துக்கு 1982-ல் கெவின் டாம்ஸ் ஃபுட்பால் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் கேமை எழுதினார். 1992-ல் காலியர் சகோதரர்கள் இருவரின் சாம்பியன்ஷிப் மேனேஜர் வந்தது. பகடையோ கம்ப்யூட்டரோ, உள்ளே இருப்பது ஒன்றுதான்: பலத்தை எண்ணாக்கு, எண்ணை வாய்ப்பாக்கு, வாய்ப்பை உருட்டு.

அந்த உருட்டலைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன். எங்கள் லீக்கில் ஒரு சராசரி அணி ஓர் ஆட்டத்தில் அடிக்கும் கோல் 1.35 என்று வைத்திருக்கிறோம். ஓர் அணியின் தாக்குதல் பலத்தையும் எதிரணித் தற்காப்பின் ஓட்டையையும் இதோடு பெருக்கினால் அந்த ஆட்டத்துக்கு எதிர்பார்க்கும் கோல் கிடைக்கும். முதல் சீசனில் ஏற்காட்டின் தாக்குதல் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக 0.9 கோல். தற்காப்போ சராசரியை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கோல் விடும். ஆக எதிரணிக்கு 1.8 கோல்.

0.9 கோல் என்று ஒன்று அடிக்க முடியாதே? அங்கேதான் பிரெஞ்சுக் கணித அறிஞர் பொய்சான் வருகிறார். அபூர்வமாக நடக்கிற ஒரு விஷயம் சராசரியாக இத்தனை முறை நடக்கும் என்று தெரிந்தால், அது ஒரு தடவையும் நடக்காமல் போக, ஒரு தடவை நடக்க, இரண்டு தடவை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று அவருடைய சூத்திரம் சொல்லிவிடும். 1898-ல் போர்ட்கீவிச் என்பவர் இதை வைத்துப் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களின் கணக்கைப் பொருத்திக் காட்டினார். குதிரை உதைக்கும் பந்து உதைக்கும் கணக்கு ஒன்றாக இருப்பது எனக்கு இன்னும் சிரிப்பைத் தரும் விஷயம். 1982-ல் மாஹர் என்ற ஆய்வாளர் கால்பந்து அணிகளின் தாக்குதல், தற்காப்பு பலத்தைத் தனித்தனி எண்ணாக்கி இதே முறையில் கோல்களை ஆராய்ந்தார். நாங்கள் செய்வது அதன் டீக்கடைப் பதிப்பு.

0.9-ஐ அதில் போட்டால் கோலே விழாமல் போக 41 சதவீதம், ஒரு கோலுக்கு 37, இரண்டுக்கு 16, மீதிதான் அதற்கு மேல். எதிரணியின் 1.8-ஐயும் போட்டு இரண்டையும் கோத்துப் பார்த்தால், சராசரி அணி ஒன்றோடு 100 ஆட்டம் ஆடினால் ஏற்காடு ஜெயிப்பது 18 அல்லது 19, சமன் 23, மீதி 58 அல்லது 59 தோல்வி. சொந்த ஊர், வெளியூர் பேதத்தை இங்கே விட்டுவிட்டேன். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 என்றால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 0.78 புள்ளி. 18 ஆட்டத்துக்கு 14 புள்ளி. தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயிக்காமல் போவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று. பத்தில் ஒன்று என்பது அதிசயம் இல்லை. மழைக்காலத்தில் ஏற்காட்டுக்குக் குடை இல்லாமல் போய் நனையாமல் திரும்புவதைப் போல, நடக்கக்கூடியதுதான்.

முதல் சீசனில் நாங்கள் வாங்கியது 10 புள்ளி. 2 வெற்றி, 4 சமன், 12 தோல்வி. கணக்குப்படி வர வேண்டியது 14. இந்த மாதிரி அணிக்கு 18 ஆட்டத்தில் ஐந்து புள்ளி கூடக்குறைய வருவது சகஜம். ஆக அந்த 4 புள்ளி அதிர்ஷ்டத்தின் கணக்கு, அதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். சராசரி அணி ஒன்று எடுக்கக்கூடியது சுமார் 25. அந்த 25-க்கும் எங்களுக்கு விதிக்கப்பட்ட 14-க்கும் இடையில் இருக்கும் 11 புள்ளி எங்கே போனது?

அதற்கு அணிகள் எப்படிச் சேர்க்கப்பட்டன என்பதற்குப் போக வேண்டும்.

ஐரோப்பாவில் புது அணி என்றால் கீழ் டிவிஷனில் ஜெயித்து மேலே ஏறி வரும். வரும்போது தன் ஆட்களோடு வரும். அமெரிக்காவில் லீக் என்பது மூடிய கதவு. கதவைத் திறக்க லீக்கே முடிவு செய்து, பணம் வாங்கிக்கொண்டு, இல்லாத ஓர் அணியை உண்டாக்க வேண்டும். இதைத்தான் எக்ஸ்பான்ஷன் டீம், விரிவாக்க அணி என்கிறார்கள். ஐபிஎல் இந்த வழியில் வந்தது. ஐஎஸ்எல்லும் முதலில் இப்படித்தான். 2014-ல் 8 அணிகளோடு தொடங்கி 2017-ல் பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் இரண்டையும் சேர்த்து 10 ஆக்கியது. பிறகு 2023-ல் பஞ்சாப் எஃப்சி இன்னொரு இந்தியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் ஜெயித்து ஏறி வந்தது.

பெரும்பாலும் ஜோடியாகச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒவ்வொரு வாரமும் ஓர் அணி சும்மா உட்கார வேண்டும். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் 1999 முதல் 2001 வரை 31 அணிகளோடு இந்த அவஸ்தையைப் பட்டது. 2002-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் வந்து 32 ஆன பிறகுதான் தீர்ந்தது. எங்கள் லீக்கிலும் நான் சேரக் கேட்டபோது, "இன்னொருத்தனைக் கூட்டிட்டு வா" என்றுதான் சொன்னார்கள். மேட்டூரில் வேலை பார்க்கும் நண்பரைப் பிடித்தேன். 8 அணிகள் 10 ஆனது, ஆளுக்கு 14 ஆட்டம் என்பது 18 ஆனது.

அணியின் பெயருக்கு மச்சானும் நானும் ஒரு நாள் முழுக்க அடித்துக்கொண்டோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபியை அவன் சொன்னான், நான் ஆரஞ்சு என்றேன். கடைசியில் எஸ்டேட் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே நிற்கும் காட்டெருமைதான் சேர்வராயன் மலைக்கு முகம் என்று முடிவானது. பெயர் மட்டும்தான் எருமை. அணிக்கு அந்தப் பலம் வர வழியே இல்லை.

விதி இதுதான். ஒவ்வொரு பழைய அணியிலும் 22 பேர். அதில் 14 பேரைப் பூட்டிக்கொள்ளலாம். மீதி 8 பேரிலிருந்து ஏற்காடு ஒருவரையும் மேட்டூர் ஒருவரையும் எடுத்துக்கொள்ளலாம். ஆக எங்களுக்கு எட்டு அணிகளிலிருந்து எட்டுப் பேர். பாக்கி 14 இடத்துக்கு லீக்கே உருட்டிக் கொடுக்கும் 17, 18 வயதுப் பையன்கள்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஆடுவது 11 பேர். அந்த 11 பேரும் பூட்டுக்குள். அவர்களுக்கு அடிபட்டால் இறங்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதல் மூன்று பேரும் பூட்டுக்குள். நாங்கள் எடுக்கலாம் என்று விட்டது ஒவ்வோர் அணியின் பதினைந்தாவது ஆளை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி. இலை போடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. பாயசம் மட்டும் தீர்ந்திருக்கும்.

நிஜ உலகத்திலும் இந்தப் பாயசக் கணக்குதான் நடக்கிறது. 1960-ல் டல்லஸ் கௌபாய்ஸ் என்எஃப்எல்லில் நுழைந்தபோது அந்த வருடத்தின் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்கிடும் டிராஃப்டே முடிந்துவிட்டிருந்தது. பழைய அணிகள் கழித்த ஆட்களோடு ஆடி 11 தோல்வி, ஒரு சமன், வெற்றி பூஜ்யம். 1976-ல் வந்த டாம்பா பே பக்கனியர்ஸ் தன் முதல் 26 ஆட்டங்களையும் தோற்றது. அந்த சீசனில் 14, அடுத்ததில் 12. எங்களுடைய 11-ஐக் கேலி செய்பவர்களுக்கு நான் இந்த 26-ஐத்தான் காட்டுவேன்.

எதிர்ப்பக்கத்தில் 2017-ல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் நுழைந்த வேகஸ் கோல்டன் நைட்ஸ். அங்கே ஓர் ஆட்டத்துக்கு 20 பேர் களத்துக்குத் தயாராக உடுத்தி வருவார்கள். பழைய அணிகள் பூட்ட அனுமதித்தது 11 பேரை, அல்லது வேறொரு கணக்கில் 9 பேரை. அதாவது தினமும் ஆடுகிற ஆட்களிலேயே பாதிப் பேர் திறந்த கதவில் நின்றார்கள். 30 அணிகளிலிருந்து ஆளுக்கு ஒருவரை எடுத்த வேகஸ், முதல் சீசனிலேயே இறுதிச் சுற்று வரை போனது. அங்கே அவர்களைத் தோற்கடித்த வாஷிங்டன் கேபிடல்ஸும் ஒரு காலத்துப் புது அணிதான். 1974-75-ல் நுழைந்து 80 ஆட்டத்தில் 8 மட்டுமே ஜெயித்த அணி. ஒரே லீக், இரண்டு புது அணிகள். நடுவில் 43 வருடமும் வேறொரு விதிப் புத்தகமும்.

ஏன் வேகஸுக்கு மட்டும் இவ்வளவு தாராளம்? நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். 30 பழைய அணிகளும் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 1.67 கோடி. அவ்வளவு பணம் கொடுத்து வருபவருக்கு எச்சில் இலையைப் போட முடியாது. எங்கள் நுழைவுக் கட்டணம் என்ன தெரியுமா? இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் எல்லோருக்கும் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் அந்த செட்டுக்கு 14-ஐ 10 ஆக்கும் சக்தி கிடையாது. பேரம் பேசியிருக்க வேண்டும். பேச எங்களுக்கு ஓட்டும் கிடையாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது. லீக்கில் சேருவதற்கு முன்பே அந்த விதி முடிந்துவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடத் தெளிவான சோதனை இருக்கிறது. ஐபிஎல் இரண்டு முறை இரண்டிரண்டு அணிகளைச் சேர்த்து 10 ஆனது. 2011-ல் பழைய அணிகள் ஆளுக்கு 4 பேர் வரை வைத்துக்கொண்டன. புதிய புணேவும் கொச்சியும் வெறுங்கையோடு ஏலத்துக்குப் போயின. கொச்சி 8-ஆவது இடம், புணே 9. கொச்சி அந்த ஒரு சீசனோடு போயே போய்விட்டது. 2022-லும் பழைய அணிகளுக்கு அதே 4 பேர். ஆனால் இந்த முறை புது அணிகள் இரண்டும் ஏலத்துக்கு முன்பே ஆளுக்கு 3 பேரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். குஜராத் ஹர்திக் பாண்டியாவையும் ரஷீத் கானையும் தலா 15 கோடிக்கும், சுப்மன் கில்லை 8 கோடிக்கும் எடுத்தது. முதல் சீசனிலேயே கோப்பை. லக்னோவும் பிளே-ஆஃப் வரை வந்தது. லக்னோ 7,090 கோடிக்கும், குஜராத் 5,625 கோடி ரூபாய்க்கும் ஏலம் போன அணிகள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேனேஜர், கோச், கேப்டன் எல்லோருக்கும் பங்கு உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2011-க்கும் 2022-க்கும் நடுவில் மாறியது அந்த 3 என்கிற எண்.

பெங்களூரு எஃப்சியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2017-ல் ஐஎஸ்எல்லுக்குத்தான் அது புதுசு. 2013-லேயே பிறந்து இரண்டு முறை ஐ-லீக் ஜெயித்த அணி, தன் முதல் ஐஎஸ்எல் சீசனில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்சியிடம் 3-2 என்று தோற்றது. வாடகை வீட்டுக்குப் புதுசாகக் குடி வந்தவன் பிறந்த குழந்தை ஆகிவிட மாட்டான்.

சரி, எங்கள் எருமைகளுக்கு வருவோம். விதி மட்டுமே காரணம் என்று நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நாங்கள் செய்த கோமாளித்தனங்களும் இருக்கின்றன. முதலாவது, மலைச் சலுகை. ஏற்காடு 1,515 மீட்டர் உயரம், வெளியூர் அணிக்கு மூச்சு வாங்கும், ஆகவே எங்கள் சொந்த ஊர் ஆட்டங்களுக்குக் கூடுதல் சலுகை வேண்டும் என்று மனுப் போட்டோம். உயரத்தின் விளைவு நிஜம்தான். 2009 ஏப்ரலில் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, லா பாஸ் நகரத்தில் பொலிவியாவிடம் 6-1 என்று உதை வாங்கியது. ஆனால் லா பாஸ் 3,600 மீட்டருக்கும் மேலே. 2007-ல் ஃபிஃபா சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை போட்டுப் பார்த்ததும் 2,500 மீட்டருக்கு மேல்தான். எங்கள் 1,515 எந்த மூலைக்கு? "வேணும்னா 20 கொண்டை ஊசி வளைவுக்காக ஒரு வாந்திச் சலுகை தரலாம், எலுமிச்சம்பழம் வெச்சிருந்தா அதுவும் ரத்து" என்று ஓமலூர்க்காரர் சொல்லி மனுவை மூடிவிட்டார். எல்லோருக்கும் பொதுவான 10 சதவீதச் சொந்த ஊர் சலுகைதான் மிச்சம்.

அந்த 10 சதவீதம்தான் எங்கள் முதல் வெற்றியையும் கொடுத்தது. பன்னிரண்டாவது ஆட்டம், ஏற்காட்டில் சூரமங்கலத்தோடு. எதிர்பார்க்கும் கோல் 0.9 என்பது சலுகையோடு 0.99. எக்ஸெல் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடுக்கும். அது 0.3716-க்குக் கீழே இருந்தால் கோல் இல்லை, மேலே போனால் ஒரு கோலாவது உண்டு. எக்ஸெல்லில் எஃப்9 விசையைத் தட்டினால் எண் மாறிவிடும் என்பதால், பத்துப் பேர் கண் முன்னால் ஒரே தடவை எடுத்து உடனே அதை உறைய வைத்துவிடுவது வழக்கம். சூரமங்கலத்துக்கு முதலில் எடுத்தார்கள். 0.12, கோல் இல்லை. அப்புறம் எங்களுக்கு. லேப்டாப்பைக் கடைக்காரரின் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். வந்த எண் 0.3719. மச்சான் பெஞ்சில் ஏறி நின்று கத்திய கத்தலில் ரோட்டில் போன டவுன் பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பத்தாயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசத்தில் கிடைத்த 1-0.

இரண்டாவது கோமாளித்தனத்துக்குச் செலவு அதிகம். கேலி தாங்காமல், நடு சீசனில் 34 வயதுத் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரைக் கொண்டலாம்பட்டியிடம் வாங்கினேன். விலையாக அடுத்த சீசனின் முதல் இளைஞர் தேர்வை, அதாவது புதுப் பையன்களில் முதலில் ஒருவனை எடுக்கும் உரிமையைக் கொடுத்தேன். "வேணாம் மாமா, அவருக்கு வயசாச்சு. நம்ம பசங்க ரெண்டு வருஷத்துல வந்துருவாங்க" என்று மச்சான் கெஞ்சினான். கேட்கவில்லை. எங்கள் விதிப்படி சீசன் முடிவில் 22 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எண் ஏறும், 30 தாண்டினால் இறங்கும். அந்தப் பெரியவரின் எண் நான்கு இறங்கியது. அவர் வந்து எங்கள் அணி ஒரு படி கூட ஏறவில்லை.

கடைசி இடத்துக்கு முதல் தேர்வு என்பதுதான் மூடிய லீக்குகள் தோற்றவனுக்குக் கொடுக்கும் மருந்து. டாம்பா பே 1976-ல் தன் முதல் தேர்வில் எடுத்த லீ ராய் செல்மன் பின்னாளில் அந்த ஆட்டத்தின் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். 26 தோல்வியோடு தொடங்கிய அணி 1979-ல் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஓர் ஆட்டம் முன்பு வரை வந்துவிட்டது. நான் அந்த மருந்தை விற்றுப் பட்டாசு வாங்கிவிட்டேன்.

மேட்டூர் வேறு வழியில் போனது. பழைய அணிகள் விட்ட எட்டுப் பேரில் வயதானவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார் நண்பர். 31, 32 வயது, எண் மட்டும் பரவாயில்லை ரகம். முதல் சீசனில் 7-ஆவது இடம். டீக்கடையில் அவர்தான் சாணக்கியர். அடுத்த சீசனில் எட்டுப் பேருக்கும் ஒன்றாக எண் இறங்கியது, மேட்டூர் பத்தாவது இடத்துக்குப் போனது. நாங்கள் ஒன்பது. எங்கள் திறமையால் ஒரு படி ஏறவில்லை, அவர்கள் விழுந்து கிடைத்த படி. பூட்டு 14 என்று இருக்கும்போது, திறந்திருக்கும் பெட்டியில் கிடைப்பது நேற்றின் ஆட்களோ நாளையின் ஆட்களோதான். இன்றைக்கு ஆடக்கூடியவன் அதில் இருக்கவே மாட்டான். மேட்டூர் நேற்றை எடுத்தது, மச்சான் பிடிவாதத்தால் நாங்கள் பெரும்பாலும் நாளையை எடுத்தோம்.

மூன்றாவது சீசனில் அந்த நாளை வந்தது. லீக் உருட்டிக் கொடுத்த 17 வயதுப் பையன்களில் ஐந்து பேருக்கு எண் எங்கேயோ போனது. தாக்குதலும் தற்காப்பும் சராசரியைத் தொட்டன. சராசரி அணிக்குக் கணக்கு 100-க்கு 37 வெற்றி, 26 சமன். 18 ஆட்டத்துக்கு 25 புள்ளி. நாங்கள் எடுத்தது 24, ஆறாவது இடம். நான்காவது சீசனில் மூன்றாம் இடம். அந்த சீசனில் நான் செய்ததெல்லாம் எதையும் விற்காமல் இருந்ததுதான்.

போன மாதம் லீக்கை 12 அணிகளாக்கும் பேச்சு வந்தது. சங்ககிரியும் வாழப்பாடியும் சேர வேண்டும் என்று கேட்டிருந்தன. ஆளுக்கு 22 ஆட்டம் வரும், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பூட்டு எண்ணுக்கு ஓட்டெடுப்பு. ஒரு பக்கம் பழைய 14, மறுபக்கம் 9. ஒன்பதுக்காக நான் டீக்கடையில் எத்தனை சனிக்கிழமை பேசியிருப்பேன், எனக்கே கணக்கில்லை. வேகஸ், குஜராத், பாயசம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டுக்கு முந்தின ராத்திரி எங்கள் 22 பேரையும் எண் வரிசைப்படி அடுக்கிப் பார்த்தேன். பத்திலிருந்து பதினான்கு வரைக்கும் இருந்த ஐந்து பேரும் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். 9 என்று வந்தால் அந்த ஐந்து பேரும் திறந்த பெட்டிக்குப் போவார்கள், சங்ககிரி ஒருவனை எடுக்கும், வாழப்பாடி ஒருவனை எடுக்கும். இரண்டு சீசன் கழித்து அவர்கள் எங்களுக்கு எதிராகவே கோல் போடுவார்கள்.

ஒன்பதுக்குக் கை தூக்கச் சொன்னபோது மேட்டூர்க்காரர் தூக்கினார். கூட அம்மாப்பேட்டை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்குக்கு என்றதும் தூக்கினேன். எட்டுக்கு இரண்டு.

"மாமா, இது அவங்க நமக்குப் பண்ணதுதானே?" என்றான் மச்சான், பைக் எடுக்கும்போது.

"ஆமாண்டா" என்றேன். அந்த வாரத் தட்டுவடை செட்டுக்குச் சங்ககிரிக்காரர் காசு கொடுத்துவிட்டிருந்தார்.